சோம் பகதூருக்கு விழுந்த பத்துப் பங்கு

"அப்பாவோட பாஸ்வேர்டைக் குடுங்க, சித்தப்பா."

கேட்டுவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளோ, அதைத்தான் ரஞ்ஜு கடைக்குள் கால் வைத்ததும் கேட்டாள். அம்மா தில்மாயா வாசலிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜீத் பகதூரின் ஜெராக்ஸ் கடை நேபாளத்தின் தாதிங் பஜாரில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிடப் பங்கு பேச வருகிறவர்கள்தான் அதிகம். புதிதாக எந்தக் கம்பெனி பங்கு வெளியிட்டாலும் கிசிங் குடும்பத்தின் பதினொரு பேருக்கும் ஜீத்தான் விண்ணப்பம் போடுவார். குலுக்கலில் பெயர் விழுந்தால் ஆளுக்குப் பத்துப் பங்கு. யார் பெயரில் விழுந்தாலும் அது வீட்டுக்குப் பொது. பதினொரு பங்குக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளும் அவர் தலைக்குள் இருந்தன. அதை யாரும் கேட்டதில்லை. கேட்பது சோற்றில் விஷம் இருக்கிறதா என்று கேட்பதைப் போல.

"யாரோட பாஸ்வேர்டு?" என்றார் ஜீத், காது கேட்காதவர் மாதிரி.

"உங்க அண்ணனோடது. செத்துப்போன சோம் பகதூர் கிசிங்கோடது."

பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் பௌடேல் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்ல நாள் அதுவுமா அப்படிச் சொல்லலாமாம்மா? நேத்து சாயங்காலம்தானே உங்கப்பா பேர் விழுந்திருக்கு. பதினொண்ணுல அவருக்கு மட்டும். எங்க வீட்ல ஒன்பது பேருக்குப் போட்டேன், ஒண்ணுகூடத் தேறல. பேரனுக்கு இன்னும் பல்லே முளைக்கல, அவனுக்கும் கணக்கு தெறந்து போட்டேன். அவனும் உதவல."

"என்ன கம்பெனின்னு தெரியுமா சார்?"

"கெர்சிங் நீர்மின். ஹைட்ரோதானே. ஹைட்ரோன்னா மேலதான் போகும்."

"எதுக்கு மேல போகும்?"

"எல்லாரும் வாங்குவாங்கல்ல, அதுக்குத்தான்." இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்பதுபோல் அவர் பார்த்தார்.

ரஞ்ஜு பி.பி.எஸ். என்னும் வணிகப் பட்டப்படிப்பு முடித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கெர்சிங் கம்பெனி வெளியிட்ட விவர அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருந்தாள். பஜாரில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். போன வருஷம் மழைக்காலத்தில் கெர்சிங் ஆறு பெருகி, மின்நிலையத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் புகுந்தது பற்றி அதில் ஒரே ஒரு வரி இருந்தது. இயற்கைச் சீற்றத்தால் வேலை தற்காலிகமாகத் தடைப்பட்டது, அவ்வளவுதான். அந்தத் தடைக்குள் அவள் அப்பா இருந்தார். ஆற்றின் கீழ்ப்பக்கம் மணல்மேட்டில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். வலது காலில் மட்டும் பூட்ஸ் இருந்தது.

கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கான்ட்ராக்டரின் ஆள் வந்து அம்மா கையில் ரொக்கத்தைத் திணித்து, கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு போனான். மரணத்தைப் பதிவு செய்யச் சொல்லவும் இல்லை. அந்த மாசமே வார்டு அலுவலகத்தில் பதிந்துவிடலாம் என்று ரஞ்ஜு சொன்னாள். சித்தப்பாதான் நிறுத்தினார். "என்ன அவசரம்? இன்னும் ரெண்டு வெளியீடு வருது, அது முடியட்டும்." பதிந்துவிட்டால் அப்பாவின் கணக்கு முடங்கிவிடும், குலுக்கலில் ஒரு பெயர் குறையும் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது ஒரு வருஷம் ஓடிவிட்டிருந்தது.

சுவரில் அப்பாவின் படம். அதற்கு இன்று புது வெள்ளைப் பட்டுத்துண்டு சாத்தியிருந்தார் ஜீத். பாஸான பிள்ளைக்கும் வெளிநாடு கிளம்புகிறவனுக்கும் போடுகிற துண்டு.

"இது எதுக்கு?"

"ஜெயிச்சிருக்காருல்ல." ஜீத்தின் குரலில் கேலி இல்லை. "உயிரோட இருந்தப்ப அவருக்கு ஒரு தடவைகூட விழல தெரியுமா? எத்தனை தடவை கேட்டிருப்பார், 'என் பேர்ல ராசி இல்லையாடா ஜீத்'னு."

"அவரைக் கொன்ன கம்பெனியில அவரைப் பங்காளியாக்கி வெச்சிருக்கீங்க சித்தப்பா."

"கம்பெனியா கொன்னுச்சு? ஆறு கொன்னுச்சு."

"மேல வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சும் ஷிப்ட்டை நிறுத்தாதது ஆறா?"

பௌடேல் சார் தேநீரைக் குடிக்காமலே எழுந்து, செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நழுவினார்.

"அப்பாவுக்குக் கேவாச் சடங்கு செஞ்சப்ப நீங்களும்தானே இருந்தீங்க. லாமாக்கள் ராவெல்லாம் ஓதி, அவர் பேர் எழுதின காகிதத்தை எரிச்சாங்க. இனிமே இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, அவரைப் போக விடுங்கன்னாங்க. நீங்க என்ன பண்ணீங்க? திரும்பக் கூட்டிட்டு வந்து வரிசையில நிக்க வெச்சீங்க."

"வாய் நீளுது ரஞ்ஜு." ஜீத் கல்லாவை அறைந்து மூடினார். "நீ படிச்ச படிப்புக்கு எங்கேருந்து காசு வந்துச்சு? இதே குலுக்கல்லதான். நமக்கு இந்த நாட்டுல என்ன இருக்கு சொல்லு. பஜார்ல நிலம் வாங்க முடியுமா? சர்க்கார் வேலை வெச்சிருக்கானா? ஒண்ணு கத்தார் போகணும், இல்ல சுரங்கத்துக்குள்ள போகணும். பணக்காரனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி தெறக்கிற வாசல் இது ஒண்ணுதான். அவனுக்கும் பத்து, எனக்கும் பத்து. அதையும் சாத்தணுமா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியில்தான் அவளே வளர்ந்தாள். அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை, இன்னும் கூட்டியது.

ஜீத் குரலைத் தணித்தார். "இங்க பாரு. பங்கு சந்தைக்கு வர்ற வரைக்கும் பொறு. வந்ததும் வித்துடலாம். பணம் அண்ணிக்கு. அப்புறம் நீ போய்ப் பதிஞ்சுக்கோ, நானே கூட வர்றேன்."

நியாயமான பேரம்தான். சுரங்கத்தில் செத்த மற்ற கூலிக்காரர்களின் குடும்பங்களும் இப்படித்தான் ஒவ்வொரு பேரமாக ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று ரஞ்ஜுவுக்குத் தோன்றியது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லும்மா."

தில்மாயா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"நேத்து ஜீத் போன்ல காட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாது. அவன்தான் படிச்சான். வாழ்த்துகள், சோம் பகதூர் கிசிங்னு போட்டிருந்துச்சாம். கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல உங்கப்பாவுக்கு யாரும் வாழ்த்துச் சொல்லி நான் கேட்டதில்லடி."

சித்தப்பாவோடு மல்லுக்கட்டத் தயாராக வந்தவள் ரஞ்ஜு. இதற்குத் தயாராக வரவில்லை.

"அது மெஷின்மா. பேர் விழுந்த எல்லாருக்கும் அதையேதான் சொல்லும்."

"சொல்லட்டுமே. அவர் பேரையும் சொல்லுச்சில்ல."

ஜீத் தலையைக் குனிந்துகொண்டார். எதிரே பேருந்துக்காரன் காட்மாண்டு காட்மாண்டு என்று கத்திக்கொண்டிருந்தான்.

ரஞ்ஜு தோள்பையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். அப்பாவின் குடியுரிமை அட்டை, போலீஸ்காரர்கள் கொடுத்த பிரேதப் பரிசோதனைக் காகிதம், அவளுடைய அட்டை. காலையில் கிளம்பும்போதே எடுத்து வைத்தவை. சித்தப்பா பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாலும் போயிருப்பாள். கொடுக்கிறாரா என்று பார்க்கத்தான் கேட்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"வார்டு ஆபீஸுக்கு. அப்பா செத்துட்டார்னு எழுதி வைக்க."

"ரஞ்ஜு, இப்பப் பதிஞ்சா அந்தப் பத்தும் முடங்கிடும்." ஜீத் எழுந்தே விட்டார். "பேர் மாத்தறதுக்குள்ள வருஷக்கணக்காகும். விலை எங்கேயோ போயிடும்."

"போகட்டும்."

"பெத்த தாய் முகத்தைப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். அம்மா அழவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா அவளை மன்னிக்க நாளாகும். அது தெரிந்துதான் அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

படியிறங்கும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"ஜீத், அதை இன்னொரு தடவை படிச்சுக் காட்டேன்."

ரஞ்ஜு நிற்கவில்லை. வார்டு அலுவலகம் மேட்டில் இருந்தது. தெருவைக் கடந்து ஏறத் தொடங்கினாள்.