இரவல் வாக்குமூலம்

ஒரு கடிதத்தை முழுதாக வாசிக்காத மனிதன் என்னென்ன நாசம் செய்யலாம் என்பதை ரொறன்ரோ வெக்ஸ்போர்ட் பக்கத்துச் சண்முகநாதனைக் கேட்டால் தெரியும். கேட்டாலும் சொல்லமாட்டார், அது வேறு கதை.

1997 மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வேலை முடிந்து வந்தவர் அபார்ட்மென்ற் வாசலில் நின்று தபால் பெட்டியைத் திறந்தார். அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம். உடைத்துப் பார்த்தால் ‘சம்மன்ஸ்’ என்று கொட்டை எழுத்து, கீழே ஷெரிப் என்ற சொல், கோட்டு விலாசம், ஜூன் மாதத்துத் திகதி ஒன்று, வராவிட்டால் தண்டனை என்று ஒரு வரி. இவ்வளவும் கண்ணில் பட்டன. ஜூரி என்ற சொல்லும் அதே தாளில் மூன்று நாலு இடத்தில் இருந்தது. அது மட்டும் படவில்லை. மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போனார். மனைவி யோகமலர் ஏன் முகம் வெளிறிக் கிடக்கிறது என்று கேட்டதற்கு, வேலைக் களைப்பு என்றார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 1988இல் ரொறன்ரோவுக்கு வந்து அகதி வழக்குப் பதிந்தபோது, படிவம் எழுதிக் கொடுத்த ஆள் உதட்டைப் பிதுக்கினான். கடை எரிந்ததும் ஊரை விட்டு ஓடியதும் மட்டும் வழக்கு வெல்லக் காணாதாம். அப்போது சண்முகநாதனோடு ஒரே நிலக்கீழ் அறையில் படுத்தெழும்பியவர் நீக்கிலாப்பிள்ளை. மன்னார்ப் பக்கத்து ஆள், இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. நீக்கிலாப்பிள்ளையை அவருடைய தமக்கை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தபடியால் அவருக்கு விசாரணையும் இல்லை, கதை சொல்லும் தேவையும் இல்லை. ஆனால் அவரிடம்தான் கதை இருந்தது.

1985இல் வவுனியாவில் வேலை செய்த காலத்தில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் முகமூடி போட்ட ஒருவன் இருந்தான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்றுதான் சனம் அவனைச் சொல்லும். நீக்கிலாப்பிள்ளை முன்னுக்கு வந்தபோது அவன் தலை ஆடியது. இரண்டு மாதம் முகாமில் வைத்திருந்தார்கள். என்ன செய்தார்கள் என்பதை அவர் தமக்கைக்குக்கூடச் சொன்னதில்லை. சண்முகநாதனுக்கு ஒரே இருப்பில் சொல்லி முடித்து, “எனக்கு உதாலை ஒரு பிரயோசனமும் இல்லை. நீ எடு” என்றார்.

அப்படிக் கொடுத்ததை வைத்துத்தான் சண்முகநாதன் விசாரணையில் வென்றார். அதோடு விட்டிருந்தால் போதும். மனிசன் விடவில்லையே! பிறந்தநாள் வீடு, சாமத்தியவீடு என்று போகிற இடமெல்லாம் அந்த முகாமைச் சொன்னார். கலியாணம் பேசி வந்த யோகமலருக்குச் சொன்னார். நீக்கிலாப்பிள்ளை வீட்டு மேசையிலேயே, அவருடைய மனைவி றீற்றா சோறு போட்டுக்கொண்டு நிற்க, ஒரு தடவை கண் கலங்கச் சொன்னார். றீற்றாவும் அழுதாள். நீக்கிலாப்பிள்ளை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, அந்த இரவலைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் இடையில் நாலு மாதமாகப் பேச்சு இல்லை. தமிழ்க் கழகத்துக் கரம்பலகைப் போட்டியில் நடுவராக நின்ற நீக்கிலாப்பிள்ளை இவர் அடித்த ஒரு காயைப் பிழை என்று சொல்லிவிட்டார். இவ்வளவுதான் சங்கதி. அப்படியிருந்தும் மகள் தேவாலயத்தில் நற்கருணை வாங்கும் முதல்நன்மை விருந்துக்கு அவர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். அந்த விருந்து ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை முழுக்க சண்முகநாதன் மனதுக்குள் வழக்கு நடத்தினார். குடியுரிமைப் பத்திரத்தைப் பறிப்பார்கள், யோகமலர் காறித் துப்புவாள், பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும். பொய் சொல்லி வென்றதை அரசாங்கத்துக்குக் காட்டிக் கொடுத்தது யார்? வேறு யார்! ஞாயிறு மத்தியானம் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ரெக்ஸ்டேலில் இருந்த நீக்கிலாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்.

வீடு நிறையச் சனம். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீக்கிலாப்பிள்ளை இவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, கேக் துண்டு வைத்த தட்டோடு எதிரே வந்தார்.

“எடேய் தலையாட்டி,” என்றார் சண்முகநாதன். “என்னைக் காட்டிக் குடுத்துப்போட்டாய் என்ன? உனக்கு உதுதானே தொழில்.”

படம் எடுத்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீக்கிலாப்பிள்ளை தட்டைப் பிடித்தபடியே நின்றார். வாயைத் திறந்தார், சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். இவன் வாயடைத்துப் போனதே சாட்சி என்று முடிவுகட்டிய சண்முகநாதன் திரும்பி வந்து காரில் ஏறினார். அத்தனை பேருக்கு நடுவில் அந்த மனிதன் எதைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றியிருக்க முடியும், சொல்லுங்கள்! சொன்னால் மாட்டுவது சண்முகநாதன்தானே.

திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்க எடுத்தபோது யோகமலரின் கையில் கடிதம் அகப்பட்டது. அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கோ மூண்டு நாளாச் சாப்பிடாமல் கிடந்தனீங்கள்? உங்களிலை வழக்கில்லையப்பா. ஜூரிக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள். பன்னிரண்டு பேர் இருந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்லுறது. முந்தி ஒரு படிவம் வந்து நான்தானே நிரப்பி அனுப்பினனான்.”

சண்முகநாதன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே நீக்கிலாப்பிள்ளைக்குப் போன் எடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை போனது.

ஜூன் மாதம் குறித்த நாளில் சப்வே பிடித்துக் கோட்டுக்குப் போனார். பெரிய மண்டபம் நிறைய ஆட்கள். புத்தகம் வாசிப்பவர்கள், பின்னல் பின்னுபவர்கள், முதலாளி விடமாட்டான் என்று புறுபுறுப்பவர்கள். பிறகு எல்லோரையும் நீதிபதி முன்னால் கொண்டுபோய் இருத்தினார்கள். கூண்டில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், கழுத்துக்கு இறுகிய டையோடு நின்றான். நீதிபதி ஆறுதலாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். கடைசிச் சாட்சி முடியும்வரை ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இந்த மனிதர் தன் பக்கம் ஒரு சொல்லும் பேசவேண்டியதில்லை. பேசாமல் இருக்கிறார் என்பதற்காக அவரைக் குற்றவாளி என்று எடுக்கக்கூடாது.

அந்தக் கடைசி வசனம் சண்முகநாதனுக்கே சொன்னதுபோல இருந்தது. கேக் தட்டோடு நின்ற முகம் முன்னால் வந்தது.

சீட்டுப் பெட்டியைச் சுழற்றி ஜூரர் இலக்கம் எடுத்தபோது இவருடையதும் வந்தது. முன்னுக்குக் கூப்பிட்டார்கள். ஜூரர் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்கவேண்டும், அவர் ஜூரரைப் பார்க்கவேண்டும் என்பது அங்கே முறை. அவன் பார்த்தான். இவரால் முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வழக்கறிஞர் எழும்பி இவரை வேண்டாம் என்றார். காரணம் ஒருவரும் சொல்லவில்லை. போகலாம் என்றார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. சப்வேயும் பஸ்ஸும் மாறி நேராக ரெக்ஸ்டேலுக்குப் போய்க் கதவைத் தட்டினார். நீக்கிலாப்பிள்ளை திறந்தார். மெலிந்திருந்தார். உள்ளே சத்தம் இல்லை. றீற்றா பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய் இரண்டு கிழமை என்றார்.

“அது ஜூரிக் கடிதம் மச்சான். நான் வாசிக்காமல் கத்திப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்.”

“சரி விடு,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “ஆனால் அண்டைக்கு வந்த சனம் ஒண்டும் இப்ப வாறேல்லை. ஊரிலை நான் தலையாட்டியா இருந்தவனாம். கோயிலடியிலை கதைக்கினம்.”

“நடந்ததை நீ சொல்லியிருக்கலாமே. றீற்றாவுக்கெண்டாலும்.”

“சொன்னனான். ஜீப்பு, மைதானம், முகாம் எல்லாம் சொன்னனான். அவள் பாதியிலை எழும்பிப்போட்டாள். உது சண்முகமண்ணைக்கு நடந்ததெல்லோ, வெக்கமில்லாமல் அந்தாளின்ரை கதையையே களவெடுத்து எனக்குச் சொல்லுறீங்களே எண்டு கேட்டவள்.”

‘நான் வந்து றீற்றாவுக்குச் சொல்லுறன்.’ இந்த ஒரு வசனம் போதும். சண்முகநாதனுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. றீற்றாவுக்குத் தெரிந்தால் நாளைக்கு யோகமலருக்குத் தெரியும், மறுநாள் கழகம் முழுக்கத் தெரியும், அதற்குப் பிறகு எந்தக் கடிதம் வரும் என்று யார் கண்டது? பாழாய்ப்போன மனிசன், அவ்வளவையும் அந்த வாசலில் நின்றே கூட்டிப் பார்த்தார்.

“யோசிச்சுப்போட்டுச் சொல்லுறன்,” என்றார்.

நீக்கிலாப்பிள்ளை கோபிக்கவில்லை. சண்முகநாதனின் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தார்.

“கெதியாப் போ, பஸ் வருது,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.