மேலே ரெண்டு, கீழே ரெண்டு

குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வேட்டியைக் குரங்கு உருவிய விஷயம் தென்காசியில் தெரியாதவர் இல்லை. உருவ வைத்தது யார் என்பதும் தெரியும். ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பாதிப் பேர் துட்டுத் தகராறு என்கிறார்கள். துட்டுத் தகராறாக இருந்திருந்தால் வேல்விழி ஒரு நாளில் பேசி முடித்திருப்பாள்.

கூலக்கடை பஜாரில் அவளுக்கு ஒரு கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் மெமரி கார்டில் பாட்டு ஏத்திக் கொடுத்தாள். பாட்டு போனுக்குள்ளேயே வர ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. அப்போதுதான் அந்தச் சின்னப் பொட்டிகள் சந்தைக்கு வந்தன. உள்ளங்கை அளவு, டிவியில் செருகினால் பழைய காலத்து ஜப்பான் வீடியோ கேம் ஓடும், கூடவே இரண்டு ஜாய்ஸ்டிக். அட்டையில் அறுநூறு கேம் என்று போட்டிருப்பான். உட்கார்ந்து பார்த்தால் அறுபது தேறும். மீதியெல்லாம் அதே ஆள், வேறு நிறச் சட்டை. வாங்கியவன் ஒரு வாரத்தில் சலித்துப் போவான். வேல்விழி அதற்கென்று தனியாகக் கார்டு போட்டு, நல்ல ஆட்டங்களாகப் பொறுக்கி ஏத்திக் கொடுத்தாள். ‘பொட்டிக்கு கேம் ஏத்தித் தரப்படும்’ என்று போர்டு மாட்டினாள். கூட்டம் வந்தது.

அந்தக் கார்டில் ஒரு ஆட்டம் மட்டும் அவளே செய்தது. பெயர் ‘குத்தாலக் குரங்கு’. ஆடுகிறவன்தான் குரங்கு. மெயினருவிக்குப் போகிறவர்களிடம் சிப்ஸ் பாக்கெட்டைப் பறிக்க வேண்டும், கடைக்காரன் கம்புக்குத் தப்ப வேண்டும், தண்ணீர் கூடிப் போலீஸ் விசில் ஊதினால் பாறை மேல் ஏறிவிட வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பை முடித்ததிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருந்தாள். பழைய காலத்து கேமுக்கான பொட்டி என்பதால் அதற்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தாள். ‘ழு’ ஒன்றுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. முதல் திரையின் அடியில், ‘ஆக்கம்: வேல்விழி, தென்காசி’.

குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு மெயினருவி போகும் வழியில் சீசன் கடை. பொம்மை, பந்து, துண்டு, பொட்டி எல்லாம் விற்பார். வழுக்கைத் தலையில் ஏற்றி வைத்த கண்ணாடி, பெரிய மீசை, தோளில் பச்சைத் துண்டு. முதலில் தன் பொட்டிகளுக்கெல்லாம் வேல்விழியிடம்தான் கேம் ஏத்தினார். பிறகு வருவது நின்றது. போன வருஷச் சீசனில் ஒருவர் பொட்டி ஓடவில்லை என்று கொண்டு வந்தார். மாட்டிப் பார்த்தாள். அவள் குரங்குதான், அவள் அருவிதான், அவள் எழுத்துதான். அடியில் மட்டும், ‘குத்தாலிங்கம் கேம்ஸ், குற்றாலம்’.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய்க் கேட்டாள்.

“அண்ணாச்சி, அது நான் செஞ்சது.”

“எது?”

“குரங்கு.”

“குரங்க நீயா செஞ்ச? அந்தா, மரத்துல உக்காந்து பேன் பாக்கு. போயி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

சிப்ஸ் கடைக்காரர், துண்டு வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“எம் பேர அழிச்சிட்டு ஒங்க பேரப் போட்டிருக்கீங்க.”

“ஏ பிள்ள, ஒங்கார்டுல கெடக்க மத்த ஆட்டத்தயெல்லாம் நீ என்ன ஜப்பானுக்குப் போயி வெல பேசியா வாங்கிட்டு வந்தே? நீ எடுத்தா தொழிலு, நான் எடுத்தா களவா?”

மற்றவை ஊரான் சொத்து, சரி. குரங்கு அவளுடையதாயிற்றே. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினார்.

“பொம்பளப் பிள்ள கம்ப்யூட்டர்ல ஆட்டம் செஞ்சிச்சாம்லே. பாவம், வெயில்ல வந்திருக்கு. ஒரு நேந்திரம் சிப்ஸ் குடு, எங்கணக்குல.”

பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள். வேல்விழி அதை எறியவில்லை. கடைக்குக் கொண்டு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். பிரிக்கவும் இல்லை. தினம் காலையில் கடை திறந்ததும் அதைத் துடைத்து வைப்பாள், சாமி படத்தைத் துடைப்பது போல.

இந்த ஆனி மாதம், சாரல் தொடங்கியதும், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்தான்.

“குரங்கு ஆட்டத்துல புதுசு ஏதும் வந்திருக்கா? ஒரு கார்டு குடுங்க.”

வேல்விழி விலையைச் சொன்னாள். அவன் சரி என்று பையில் கையை விட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கூலக்கடை பஜாரில் கொத்தமல்லிக் கட்டுக்கே கால் மணி நேரம் பேசுவார்கள். சோதித்துப் பார்க்க, “பழைய வெலயச் சொல்லிட்டேன், இப்ப இரட்டிப்பு” என்றாள். அதற்கும் சரி என்றான். பிறகு, “பில் ஒண்ணு போட்டுருங்க” என்றான்.

அவ்வளவு போதும். பேரமும் பேசாமல் பில்லும் கேட்கிறவன் அடுத்தவன் துட்டில் வாங்க வந்தவன். பொட்டிக் கார்டுக்குத் துட்டுக் கொடுத்து ஆள் அனுப்புகிறவர் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான்.

“புதுசு இன்னும் முடியல அண்ணே. வெள்ளிக்கிழம வாங்க, உங்களுக்குன்னே ஏத்தி வைக்கேன்” என்றாள். குரலில் அத்தனை அன்பு.

வெள்ளி வரைக்கும் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. மீசைக்குக் கொஞ்சம் புள்ளி, வழுக்கைக்குக் கொஞ்சம், துண்டுக்குப் பச்சை. உள்ளே போட்டிருப்பதற்குக் கோடு போட்ட துணி. அதற்கு மட்டும் நான்கு விதமாக வரைந்து பார்த்து, கடைசியில் நீலக் கோடு வைத்தாள். எல்லாவற்றையும் ஒரு பூட்டுக்குப் பின்னால் ஒளித்தாள். பூட்டின் சாவி எல்லார் விரலிலும் இருந்தது. ஜாய்ஸ்டிக் பிடித்து வளர்ந்த எவனும் புது ஆட்டத்தின் முதல் திரையில் மேலே ரெண்டு, கீழே ரெண்டு, இடம், வலம், இடம், வலம் என்று அமுக்கிப் பார்ப்பான். கூடுதலாக உயிர் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, கால் தானாகச் செய்வதை அங்கே கட்டைவிரல் செய்யும்.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டைக்காரன் வந்து கார்டை வாங்கிப் போனான். குத்தாலிங்கம் அண்ணாச்சி எத்தனையோ பொட்டி விற்றவர். ஒரு தடவையும் ஆடியதில்லை. அவருக்குக் கார்டை நகலெடுத்துக் கொடுக்கும் திருநெல்வேலி ஆள் வழக்கம் போல முதல் திரையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தான். பொட்டிகள் போயின. சில நாளிலேயே பிள்ளைகள் கடை முன்னால் வந்து நின்று, அண்ணாச்சியின் மீசையைப் பார்ப்பதும் இடுப்பைப் பார்ப்பதுமாக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். “நம்ம கடைக்கு இந்த வருஷம் ராசிதான்” என்றார் அண்ணாச்சி. பெரிய டிவி ஒன்றை வெளியே வைத்து, யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கலாம் என்று எழுதிப் போட்டார். வேல்விழி சாயந்தரமானால் கடையைச் சாத்திவிட்டு வந்து, எதிரே ரம்புட்டான் வண்டிப் பக்கம் நிற்கத் தொடங்கினாள். அவளுக்குப் பிள்ளைகள் சிரித்தது போதவில்லை.

ஒரு சனிக்கிழமை ஹரிஹரசுப்பிரமணியன் வந்தார். பூர்வீகம் தென்காசி, இருப்புச் சென்னை, ஐந்தருவிப் பக்கம் புதிதாகக் காட்டேஜ் கட்டியவர். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பொட்டி வேண்டும் என்றார். அண்ணாச்சி நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

“சின்ன வயசுல லீவுன்னா இதுதான் அண்ணாச்சி. கேசட்டை ஊதி ஊதிப் போடுவோம். இந்தக் குரங்கு கேம் யார் செஞ்சது?”

“நம்ம தயாரிப்புதான் சார்.”

“தமிழ் எழுத்துகூடவா?”

“ஒவ்வொரு எழுத்தும் நானே உக்காந்து செதுக்குனது. கண்ணு போச்சு, பாருங்க” என்று தலையிலிருந்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

வண்டிப் பக்கம் நின்றவள் கையிலிருந்த ரம்புட்டான் நசுங்கியது.

ஹரிஹரசுப்பிரமணியன் ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். தொப்பை போட்ட மனிதர். ஆனால் கட்டைவிரலுக்கு வயதாகவில்லை. பேசிக்கொண்டே மேலே ரெண்டு, கீழே ரெண்டு.

திரையில் மெயினருவி கொட்டியது. அடியில் ஒரு மீசைக்காரர் குளித்துக்கொண்டிருந்தார், தலையில் கண்ணாடி, தோளில் பச்சைத் துண்டு. மேலேயிருந்து குரங்கு இறங்கித் துண்டை உருவியது. அவர் துண்டுக்காகத் திரும்ப, வேட்டியை உருவியது. நீலக் கோட்டோடு அவர் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட, ஒரு பொட்டியை எடுத்து முன்னால் மறைத்துக்கொள்ள, குரங்கு அந்தப் பொட்டியையும் பிடுங்கியது. பிறகு எழுத்து வந்தது: ‘பொட்டி அண்ணாச்சியுது. ஆட்டம் வேல்விழியுது.’

குளித்துவிட்டு ஈரத்துணியோடு போனவர்கள் நின்றுவிட்டார்கள். சிப்ஸ் கடைக்காரருக்குக் கரண்டி கை தவறியது. அண்ணாச்சி முதலில் தானும் சிரித்தார். பிறகுதான் பச்சைத் துண்டைக் கவனித்தார்.

“வேல்விழிங்கிறது யாரு?” என்றார் வந்தவர்.

“அது… நம்மகிட்ட வேல பாத்த பிள்ள சார். வெளயாட்டுக்கு…”

“எந்த வருஷம் வேல பாத்தேன் அண்ணாச்சி?” கூட்டத்தை விலக்கி வேல்விழி முன்னால் வந்தாள். “அந்த ‘ழு’வ எப்படி செதுக்குனீங்க? சாருக்கு ஒண்ணு வரஞ்சு காட்டுங்களேன்.”

அண்ணாச்சி டிவியின் ஒயரைப் பிடுங்கினார். ஹரிஹரசுப்பிரமணியன், “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்தார். வியாபாரத்தில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அடுத்த வாரம் ஹரிஹரசுப்பிரமணியன் கூலக்கடை பஜாருக்கு வந்து வேல்விழியிடம் கடுமையாகப் பேரம் பேசினார். அதனால் அவரை நம்பி ஆர்டரை எடுத்தாள்.

அண்ணாச்சி மிச்சப் பொட்டிகளிலிருந்து கார்டைக் கழற்றிவிட்டார். வீட்டுக்குப் போன பொட்டியை என்ன செய்வது? ராயகிரியிலிருந்தெல்லாம் வேல்விழி கடைக்கு வந்து, “அண்ணாச்சி வேட்டி கேம் ஏத்தித் தாங்க” என்று கேட்டார்கள். ஏத்திக் கொடுத்தாள்.

ஆடி பாதியில், நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், அண்ணாச்சியே வந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டியை எடுத்து வைத்தார். கடையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் பாதி உடம்பு தெருவில் நனைந்தது.

“பண்பொழில சம்பந்தி வீட்டுப் பொட்டி. மருமவனுக்கு ஆடிச் சீரோட நாந்தான் வச்சுக் குடுத்தேன். இதுல மட்டும் அத எடுத்துரு தாயி.”

“எத அண்ணாச்சி?”

“அதான்.”

“நெறய கெடக்கே. எதுன்னு சொன்னாத்தான.”

“சம்பந்தியம்மா நான் போனா மொகத்தப் பாக்கவே மாட்டேங்கா. முந்தானைய வாயில வச்சிக்கிட்டு உள்ள ஓடுதா. எம் மவ நேத்து போன்ல அழுதா. எம்புட்டு வேணும்னாலும் கேளு.”

“துட்டு வேண்டாம். யாரு செஞ்ச ஆட்டம்னு சொல்லுங்க.”

“நீதான்.”

“எனக்குப் பேரு இருக்குல்லா?”

“வேல்விழி செஞ்சது.”

“மழச் சத்தத்துல கேக்கல.”

“வேல்விழி செஞ்சது!”

தெருவில் ஒதுங்கி நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வேல்விழி பொட்டியை வாங்கி டிவியில் மாட்டி, ஜாய்ஸ்டிக்கை அவரிடம் நீட்டினாள்.

“இருக்கான்னு பாத்துட்டுல்லா எடுக்கணும். அமுத்துங்க.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது பிள்ள.”

“நீங்க செதுக்குன ஆட்டந்தான அண்ணாச்சி. மேல ரெண்டு, கீழ ரெண்டு.”

முதல் தடவை தப்பாக அமுக்கினார். பக்கத்தில் நின்றவர் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அருவி கொட்டத் தொடங்கியதும் வேல்விழி கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து அந்தச் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தாள். ஒரு வருஷத்துப் பாக்கெட். பிரித்ததும் எண்ணெய்ச் சிக்கு வாடை கடையெல்லாம் அடித்தது. அவர் கையில் வைத்தாள்.

“கொறிச்சுக்கிட்டே பாருங்க. எங்கணக்குல.”

திரையில் வேட்டி போனது. பொட்டியும் போனது. எழுத்து வந்து நின்றது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, “பாத்தாச்சுல்லா. எடுத்துரு தாயி” என்றார்.

“எடுத்துருதேன், சொன்ன வாக்குக்கு” என்றாள் வேல்விழி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. “குரங்கு வெரசா ஓடிட்டு, நான் சரியாப் பாக்கல. இன்னொரு தடவ அமுத்துங்க.”