முப்பத்திரண்டு டிகிரிச் சந்து

மே மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு, மும்பை தாராவியில் ஒரே சந்தில் இருந்த அறுபத்திரண்டு வீடுகளின் வெப்பமானிகளும் முப்பத்திரண்டு டிகிரியில் நின்றுவிட்டன. உலைநீரில் முக்கினாலும் முப்பத்திரண்டு, ஐஸில் புதைத்தாலும் முப்பத்திரண்டு. பக்கத்துச் சந்துக்கு எடுத்துப்போனால் ஒழுங்காக ஏறி இறங்கின. திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி முப்பத்திரண்டு. அன்று அதே மணிக்குத்தான் செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அந்தச் சந்தின் வெப்பம் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது.

அந்த வெப்பமானிகளை மாட்டியவள் பானுமதி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், நிலையத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். நான்கு வருடங்கள் தகரக் கூரைகளுக்கடியில் குனிந்து நுழைந்து எண்களைக் குறித்தாள். கோடை மதியங்களில் நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு; ஒவ்வொரு கோடையும் முந்தையதைவிடக் கூடுதல். மூன்றாம் வருடம் அரசுப் பணம் நின்றுபோக, நிலக்கரிக் கம்பெனி ஒன்றின் அறக்கட்டளை ஆய்வை ஏற்றுக்கொண்டது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. தகரத்தின் சூடு தகரத்தின் குணம், வானத்தின் குணமல்ல என்றார் இயக்குநர். மதியத்தை விட்டுவிட்டு விடியற்காலை எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்றார். ஒன்பது உதவியாளர்களின் சம்பளம் அந்தப் பணத்தில்தான் ஓடியது. ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, சராசரி முப்பத்திரண்டு’ என்ற வரியின் கீழே பானுமதி கையெழுத்திட்டாள்.

அறிக்கை வெளிவந்த நான்காம் நாள் மதியம், அந்தச் சந்தில் தோல்பை தைக்கும் நம்பிராஜன் தையல் மிஷின்மேல் சரிந்தார். மனைவி மாரீஸ்வரி டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் மூன்று கருவிகளை மாற்றிப் பார்த்தாள். அந்தச் சந்துக்காரர்களின் உடம்பில் வைத்தால் காய்ச்சல் பார்க்கும் கருவியும் இயல்பு என்றே காட்டியது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், களைப்பு என்று எழுதி அனுப்பிவிட்டார். நான்கு மணிக்கு நம்பிராஜன் இறந்துபோனார்.

மறுநாள் காலை, உடலை எடுக்கும் முன்பே, மாரீஸ்வரி மாட்டுங்காவுக்கு நடந்தே வந்து பானுமதியின் கதவைத் தட்டினாள்.

“எக்கா, நீங்க வந்து ஒரு வாட்டி தொட்டுப் பாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“மாரீஸ்வரி, நான்…”

“மிஷினு நார்மல்னுச்சு. டாக்டரும் நார்மல்னாரு. நா மட்டுந்தான் அவுக மேல கைய வச்சேன். பொண்டாட்டி சொன்னா யாரு எழுதுதா?”

பானுமதி போனாள். உயிர் போய்ப் பதினாறு மணிநேரம் ஆன நெற்றியில் கையை வைத்தாள், உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். யாரோ கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை வாங்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மதிய எண்களைச் சேர்த்துத் திருத்தம் எழுதினாள். நிலையம் அதை ஏற்கவில்லை. சந்துக்குப் போய்ப் பாருங்கள், கருவிகளே நம் அறிக்கையைத்தானே சொல்கின்றன என்றார் இயக்குநர். வெளிநாட்டு நிபுணர்கள் வந்து அறுபத்திரண்டு வீடுகளையும் பார்த்தார்கள், முப்பத்திரண்டு என்று குறித்துக்கொண்டார்கள். அவர்களில் இருவர் வாசலிலேயே மயங்கி விழுந்தது பயணக் களைப்பாகப் பதிவானது. பானுமதி வேலையை விட்டாள். அதன்பின் தினமும் மதியம் அவளும் மாரீஸ்வரியும் வீடு வீடாகப் போய் நெற்றிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். முதலில் மாரீஸ்வரி அவளோடு பேசமாட்டாள்; அடுத்த வீடு எது என்று மட்டும் கை காட்டுவாள்.

ஜூன் தொடக்கத்தில், மழைக்கு முன், கடைசி வீட்டில் அப்பளம் போடும் முப்பிடாதியம்மாளின் நெற்றி அடுப்பாகக் கொதித்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே இயல்பான எண். மாரீஸ்வரி டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையை வைத்துப் பார்க்கும்படி இந்தியில் சொன்னாள்.

“ஹாத் லகாவ், டாக்டர் ஸாப்.”

தொட்டவர் கையை உதறிக்கொண்டார். ஐஸ் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். முப்பிடாதியம்மாள் பிழைத்துக்கொண்டாள். டாக்டர் அன்று முழுக்க வேறு யாரையும் பார்க்கவில்லை; நம்பிராஜனின் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று கோடைகள் ஆகிவிட்டன. அறிக்கையை நாற்பத்தொரு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது; அதில் ‘சுடுகிறது’ என்றோ ‘சுடவில்லை’ என்றோ எழுதுகிறார்கள். புதிதாக வரும் நர்ஸுகள் முதல் வாரம் ஏன் என்று கேட்பார்கள். இரண்டாம் வாரம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.