எழுதியவன் பெயர்

மாலை போட வந்த ஒவ்வொருவனுடைய விரலையும் ரோச் உற்றுப் பார்த்தான். எங்காவது மைக்கறை இருக்கிறதா என்று தேடினான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. அவர் பெயரை மனசில் குறித்துவைத்துக்கொண்டான்.

பெட்டிக்குள் கிடந்தது அவனுடைய அண்ணன் வளன். ஒரு வாரப் பத்திரிகை நடத்தி, கடைசிப் பக்கத்தின் அடியில் 'அச்சிட்டு வெளியிடுபவர்' என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டவன். அந்த ஒரு வரிதான் அவனை ஜெயிலுக்கு அனுப்பியது. ரேஷன் கடையில் அரிசி அளக்கும் படிக்குள் அளவு குறைகிற மாதிரி இன்னொரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள், கவிழ்த்துத் தட்டினால் பொள்ளென்று வெற்று ஒலி கேட்கும் என்று 'கடலோடி' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். கடை முதலாளி அவதூறு கேஸ் போட்டார். விசாரணை வருமுன் கடையில் இருந்த படியெல்லாம் புதுசாகிவிட்டது.

எழுதியவனைக் காட்டிக்கொடுத்தால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். வளன் வாயைத் திறக்கவில்லை. பாளையங்கோட்டை ஜெயிலில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கொழும்புத் தோணியில் போய்வருகிற ரோச்சுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு நன்றாகப் புரிந்தது. அச்சடித்தவன் செத்துக் கிடக்கிறான், எழுதியவன் எங்கோ உட்கார்ந்து சோறு தின்கிறான்.

வாசல் பெஞ்சில் முதலாளியின் கணக்கப்பிள்ளை சொரிமுத்து காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தான். துக்கம் கேட்க வந்தவன் மாதிரி இல்லை. அவனும் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ரோச்சைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"என்ன ரோச்சு, ஆளு தெரிஞ்சுதா? பேர மட்டும் சொல்லு. எழுதுனவன் மேல புதுக் கேஸு போடணும்னு முதலாளி நிக்காரு."

"அடக்கத்துக்கு முன்னால சொல்லுதேன் அண்ணாச்சி" என்றான் ரோச். நேற்றே ஒத்துக்கொண்டதுதான்.

சாகிற அன்று அண்ணன் அவன் கையைப் பிடித்துச் சொன்னது மட்டும் உறுத்தியது. "எழுதுனது யாருன்னு தேடாதலே. மைனியப் பாத்துக்க."

மைனி, அண்ணன் பெஞ்சாதி இன்பமணி, தலைமாட்டில் இருந்தாள். கான்வெண்டில் படித்தவள். இந்த இரண்டு நாளும் அவள் அழவில்லை. மெழுகுத்திரி ஒன்று உருகிச் சாய்ந்தது. அதை அரிசிக்குள் நட்டுவைக்கப் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி ஒரு படியும் முறத்தில் அரிசியும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

இன்பமணி படியை எடுத்தாள். கண் புருஷனுடைய முகத்தில் இருந்தது. கை அதுபாட்டுக்குப் படியைக் கவிழ்த்து, விரல் முட்டியால் அடியில் தட்டி, காதருகே கொண்டுபோயிற்று.

அதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. சட்டென்று நிமிர்ந்து வாசலில் இருந்த சொரிமுத்துவைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. படியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ரோச் அதைப் பார்த்தான். பேப்பர் வந்த பிறகு இந்த ஊரில் தட்டிப் பார்க்காத பொம்பளை இல்லை. ஆனால் தட்டியதற்காக யாரும் பயந்ததில்லை, யாரும் படியை ஒளித்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பது பொம்பளைகள்தான். அவன் இத்தனை நாளும் ஓர் ஆம்பளையைத் தேடியிருக்கிறான். தேடாதே என்றும் மைனியைப் பார்த்துக்கொள் என்றும் அண்ணன் சொன்னது இரண்டு விஷயமல்ல, ஒன்றுதான்.

சொரிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நிலைவாசலில் நின்றிருந்தான்.

"இந்த நேரத்துலயும் ஒங்க மைனி படியத் தட்டிப் பாக்காங்களே" என்று மெதுவாகக் கேட்டான்.

ரோச் உள்ளே போனான். இன்பமணியின் முன்னால் குனிந்து கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"குடுங்க மைனி" என்றான்.

வாங்கிய படியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கவிழ்த்து, கயிறு இழுத்துக் காய்த்த கையின் முட்டியால் ஓங்கித் தட்டினான். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல எல்லாருந்தான் தட்டுவோம் அண்ணாச்சி. அண்ணன் பழக்கிவிட்டது."

"அப்போ எழுதுனவன் பேரு?"

"அவனத்தான் இப்ப அடக்கம் பண்ணப் போறோம்."

சொரிமுத்து நம்பவில்லை. நம்பாத முகத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினான். நாளைக்கும் வருவான் என்று ரோச்சுக்குத் தெரியும்.

ரோச் படியில் அரிசியை நிரப்பி, மெழுகுத்திரியை நட்டு, தலைமாட்டில் வைத்தான். இன்பமணி அவனை ஒருமுறை பார்த்தாள். அப்புறம்தான் சத்தம் போட்டு அழுதாள்.

மாதா கோயில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். ரோச் தலைப்பக்கம் தோள் கொடுத்தான். விரல் முட்டி இன்னும் வலித்தது.