விற்பனைக்கில்லாத பெட்டி

"பொம்பளைகள ஆம்பளைப் பக்கம் உக்கார வச்சுட்டு, இப்ப வெளக்கு மேல பழி போடுறியாத்தா?"

"நானா வச்சேன்? உங்க அரிக்கேன் வெளக்கு வச்சுச்சு மாமா."

ராயப்பன்பட்டி உபதேசியார் ஞானதுரைக்கு முகம் சுண்டியது. பெரியகுளத்தில், பொன்னுராஜின் போட்டோக் கடையில், அந்நியன் முன்னால் தங்கை மகள் இப்படியா பேசுவாள்?

போன ஞாயிறு மாதா கோயில் படக்காட்சியில் நடந்தது அது. பூசைக் கூட்டத்தைக் காட்டும் கண்ணாடி சிலைடை ஒட்டியவள் அந்தத் தங்கை மகள், ஆசிரியை இருதயம்மாள். அரிக்கேன் மங்கலில் முக்காடும் துண்டும் ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிய, படம் காட்டும் லாந்தரில் எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதற்கான அடையாளப் பொட்டை மறுபக்கம் வைத்துவிட்டாள். சுவரில் படம் இடம் வலமாக விழுந்தது. ஊரே சிரித்தது; பங்குச் சாமியார் கோபித்தார். இனி ஒட்டும் வேலை பொன்னுராஜுக்கு என்றார் மாமா. நல்ல வெளிச்சப் பெட்டி ஒன்று வாங்கி, அதில் இங்கேயே திருத்திக் காட்டுவதாகச் சவால் விட்டிருந்தாள் அவள்.

"இதப் பாருங்க, தேக்கு. பித்தளைக் கொண்டி, உள்ளுக்குள்ளயே வெளக்கு. கல்யாணச் சீருக்கே வைக்கலாம்" என்றார் பொன்னுராஜ்.

"அப்ப சீருக்கே வச்சுக்கங்க. எனக்கு அங்கன இருக்கே, அது."

மேசை மேல் கிடந்தது மாம்பலகைப் பெட்டி. அடியில் சாய்த்த முகக்கண்ணாடி, மேலே பால்கண்ணாடி.

"அது விக்கிறதில்லத்தா. நான் வேலை பாக்குறது."

"அதான் எனக்கும் வேணும். எனக்கும் வேலைதான்."

கேட்காமலே தூக்கி வாசலில் வைத்து, வானத்தைப் பார்க்கத் திருப்பினாள். பால்கண்ணாடி முழுக்க வெளிச்சம் ஊறியது. சிலைடின் கறுப்புத் தாள் ஒட்டைப் பிளேடால் கீறி, இரண்டு கண்ணாடிகளையும் பிரித்தாள். குனிந்தாள். விரல் நக அளவு முகங்கள், எங்கோ தூரதேசத்து ஊர் போல, ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முக்காட்டின் கரை வரைக்கும் தெரிந்தது. பொட்டைப் பெயர்த்து மாற்றி வைத்தாள். மூடுகண்ணாடியை வைத்து, பசைத்தாளைச் சுற்றி, நான்கு ஓரத்தையும் அழுத்தினாள்.

பொன்னுராஜ் சிலைடை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தார். "நெத்தியடி. எனக்கு வேற பெட்டி அடிச்சுக்கிறேன் உபதேசியாரே, இத எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

ஞானதுரை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, ஒட்டிக்க. லாந்தர்கிட்ட மட்டும் வேற ஆளு நிக்கட்டும். ஊரு வாய மூட முடியாது."

"சிரிச்ச ஊருக்கு முன்னாலதான் நிக்கணும். வர்ற ஞாயிறு மொதப் படம் இதுதான், போடுறது நான்தான். சாமியார் இன்னும் கோவமா இருக்காக. அவுககிட்ட நீங்களே வந்து சொல்றீகளா மாமா?"