நுரை நின்ற குழாய்

பதினைந்து நிமிஷம் ஆன பிறகும் நுரை உடையவில்லை. ஞானதீபம் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறும் கண்ணால் இன்னொரு தரம் பார்த்தாள். திரவத்தின் விளிம்பைச் சுற்றி, ஓர் இடம் விடாமல் பொடிக் குமிழிகள் வளையம் கட்டி உட்கார்ந்திருந்தன. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை, ஆளில்லாத ஆஸ்பத்திரி லேபில், ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்து இளிப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும் தோன்றியது. ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்? சீட்டில் 'பாசிட்டிவ், வளையம் முழுசு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பினாள். அப்போது மணி பத்து.

சீட்டு முத்துக்கனி என்கிற பெண்ணுக்கானது. இருபத்தாறு வயது, எட்டு மாசம். புருஷன் தோணியில் கொழும்புக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. இவளுக்கு முகமும் காலும் பொதபொதவென்று வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரைக் கொதிக்க வைத்தால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரைந்தது. இப்படியே விட்டால் வலிப்பு வந்து தாய்க்கே ஆபத்து. அவசரப்பட்டு எடுத்தாலோ பிள்ளை தங்குமா என்று தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் இதே எட்டு மாசத்தில் பிறந்த முதல் பிள்ளை இரண்டு நாள் மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால்தான் டாக்டர் கிரேசி வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்து ஞானதீபத்திடம் கொடுத்திருந்தார். போன வருஷம் டாக்டர் ஒரு பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த சோதனை. நீரோடு சம அளவு ஆல்கஹால் ஊற்றிப் பதினைந்து விநாடி குலுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நுரை நின்றால் பிள்ளையின் நுரையீரல் தேறிவிட்டது, எடுக்கலாம். உடைந்தால் இன்னும் தேறவில்லை, தாய் தாங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

தேறின நுரையீரலில் ஊறி, நுரையை நிற்க வைக்கிற சரக்கின் பெயர் லெசித்தின். பாஸ்போலிப்பிட் என்கிற பெரிய குடும்பத்தில் அதுவும் ஒன்று. அந்தக் குடும்பத்தோடு ஞானதீபத்துக்குத் தனிச் சினேகிதம் இருந்தது. பழைய டாக்டர் ஒருவர் விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டில், நாலு வருஷத்துக்கு முன் வந்த ஒரு கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்திருந்தாள். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கிற சவ்வு சுவர் மாதிரி இறுகி நிற்பதில்லையாம். பாஸ்போலிப்பிட்டுகளின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், இரண்டு வாலுக்கும் பிடிக்காது. அதனால் வாலோடு வால் சேர்த்து, தலைகளை வெளியே காட்டி, இரண்டு வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. படுத்தும் சும்மா கிடப்பதில்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. புரதங்கள் அதற்குள் பாதி முங்கியும் பாதி வெளியே தெரிந்தும் மிதக்கின்றன. கொலஸ்ட்ரால் நடுநடுவே புகுந்து நின்று, ரொம்ப இளகாமலும் ரொம்ப உறையாமலும் பார்த்துக்கொள்கிறது. யாரும் யாரையும் ஆணி அடித்து வைக்கவில்லை. தண்ணீருக்குப் பயந்தே ஒன்றையொன்று விடாமல் சேர்ந்திருக்கின்றன.

எவ்வளவு அழகு, சொல்லுங்கள். படித்த அன்று அவளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது. நாசரேத்தில் இருக்கிற தங்கை ஞானபாய்க்குக் கடிதமாக எழுதினாள். அவளோ பதிலில், மூத்த பையனுக்கு ஸ்பிக் உரக் கம்பெனியில் வேலைக்குச் சொல்ல ஆள் உண்டா என்று கேட்டிருந்தாள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருகிற அம்மாளிடம் ஆரம்பித்தபோது, அந்த அம்மாள் நல்ல மனசோடு, உங்களுக்குக் கொலஸ்ட்ராலா, முட்டையை விட்டுருங்க என்றாள். அதோடு ஞானதீபம் வாயை மூடிக்கொண்டாள். இருபது வருஷ உத்தியோகத்தில் அவள் மனிதர்களை ரத்தமாகவும் சளியாகவும் மூத்திரமாகவும் மட்டுமே அறிந்திருந்தாள். வார்டுப் பக்கம் போகிற வழக்கமே இல்லை. அவளை ஓர் ஆளாக மதித்தது டாக்டர் கிரேசி ஒருவர்தான். அவள் எழுதின சீட்டின் மேல் அவர் மறுகேள்வி கேட்டதே கிடையாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவளுடைய நாள்கள் ஓடிக்கொண்டிருந்தன என்று சொன்னால் மிகையில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. ரத்தம் தேவைப்படலாம் என்பதால் முத்துக்கனியின் அண்ணன் அய்யாக்குட்டி கையை நீட்டினான். அவன் கூட்டாளி ஒருவனும் வந்திருந்தான். இருவர் ரத்தத்திலிருந்தும் சிவப்பணுக்களைப் பிரித்து, முத்துக்கனியின் சீரத்தோடு, அதாவது அணு நீக்கின ரத்தத் தெளிநீரோடு சேர்த்து, பொருத்தம் பார்க்க வைத்தாள் ஞானதீபம். பொருந்தினால் அணுக்கள் அடியில் பொட்டுப் போல் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும்.

பதினொன்றுக்குப் பார்த்தபோது அய்யாக்குட்டியின் குழாயில் பொட்டு இல்லை. குழாய் முழுக்க நன்னாரி சர்பத்து மாதிரி தெளிந்த சிவப்பு. அணுக்கள் ஒன்று விடாமல் உடைந்து கரைந்திருந்தன. சரி, அண்ணன் ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று கூட்டாளியின் குழாயை எடுத்தாள். அதுவும் சர்பத்துதான். மூன்றாவதாக ஒரு குழாய் இருந்தது. சீரம் சேர்க்காமல் வெறும் உப்பு நீரில் அணுக்களைப் போட்டு வைக்கிற ஒப்புக் குழாய். அதில் எதுவும் நடக்கக்கூடாது. அதுவும் சிவப்பாகக் கரைந்து நின்றது.

மூன்று குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரத்தத்தில் குற்றமில்லை, சீரத்தில் குற்றமில்லை. அப்படியானால் குழாயில்தான் ஏதோ இருக்கிறது. காலையில் நுரை நின்ற குழாயும் இதே தாங்கியில், இதே வரிசையில் இருந்ததுதான்.

குழாய் கழுவுகிற பேச்சியைக் கூப்பிட்டாள். தினக்கூலிக்கு வருகிறவள். கை சுத்தக்காரி என்று ஆஸ்பத்திரியே சொல்லும். மூன்று நாளாகக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை, கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டுகிறது என்று பேச்சி நேற்றே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள்.

"பூவந்திக்கொட்டைய ஊறப்போட்டுக் கழுவுனேம்மா. தங்கச் சங்கிலியே அதுலதான கழுவுதோம். எந்த உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும்லா. பாத்தியளா, எப்பிடி மின்னுதுன்னு?"

எத்தனை தரம் அலசினாய் என்று ஞானதீபம் கேட்டாள். நல்ல தண்ணீர் கிடக்கிற கிடையில் ஒரு தரத்துக்கு மேல் எப்படி அலச என்று பேச்சி திருப்பிக் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தூத்துக்குடியில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். பூவந்திக்கொட்டையில் இருப்பது சபோனின். செல் சவ்வில் பாஸ்போலிப்பிட்டுகளுக்கு நடுவே நிற்கிற கொலஸ்ட்ராலைத் தேடிப் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இழுத்த இடத்தில் சவ்வு பொத்துப்போகும், உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும். எங்கே இருந்தாலும் நுரை கட்டும் என்பது பேச்சிக்கே தெரிந்த விஷயம். அப்படியென்றால் காலையில் தான் பார்த்துச் சிரித்தது பிள்ளையின் நுரையா, கொட்டையின் நுரையா? இதைக் கண்டுபிடிக்கத்தானே பனிக்குட நீர் இல்லாமல் வெறும் உப்பு நீரும் ஆல்கஹாலும் மட்டும் விட்டு இன்னொரு குழாயைப் பக்கத்தில் குலுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார்? ஆல்கஹால் புட்டியின் அடியில் கிடந்தது, புதுசு வர ஒரு வாரம் ஆகும், இன்றைக்கு ஒரு நாள்தானே என்று அதை விட்டது அவள்தான். பேச்சி அல்ல.

பேச்சியை அனுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை, வந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? ரத்தப் பொருத்தத்தை வேறு குழாயில் போட்டுக்கொள்ளலாம். பிள்ளை மூச்சுத் திணறினால், எட்டு மாசத்துப் பிள்ளை, கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். குழாயை யாரும் கேட்கப் போவதில்லை. ஒருவேளை அது நிஜமாகவே பிள்ளையின் நுரையாகக்கூட இருக்கலாம். டாக்டர் கிரேசி எப்போதும்போல நாளைக்கும் அவளுடைய சீட்டைப் பார்த்ததும் தலையாட்டுவார். சுவரில் மணி பதினொன்று இருபது. வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரம் கடகடவென்று போகிற சத்தம் கேட்டது.

எழுந்து ஓடினாள். லேப் கட்டிடத்துக்கும் தியேட்டருக்கும் நடுவே மணல் முற்றம். பங்குனி வெயிலில் செருப்பைப் போட மறந்து வந்தது பாதி தூரத்தில்தான் தெரிந்தது. தியேட்டர் வாசலில் முத்துக்கனி ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். வீங்கின கண்களைத் திறந்து, இந்த அம்மாள் யார் என்பது போல் பார்த்தாள். டாக்டர் கிரேசி கை கழுவிக்கொண்டிருந்தார். ஞானதீபம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், ஆல்கஹாலை மிச்சம் பிடித்தது உட்பட. டாக்டர் குழாயை மூடவில்லை, தியேட்டருக்கென்று தொட்டியில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கன்ட்ரோல் குழாய் போடலயா நீங்க?"

"போடல டாக்டர்."

"கழுவுனது யாரு?"

"கழுவுனது யாரா இருந்தா என்ன, பாக்க வேண்டியது நான்தான்."

பனிக்குட நீர் இரண்டு மில்லி மிச்சம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட என்று பூட்டி வைத்திருந்த புதுக் குழாய்ப் பெட்டியை ஞானதீபம் உடைத்தாள். புட்டியைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக இறக்கியதில் ஆல்கஹால் இரண்டு குழாய்க்குச் சரியாக இருந்தது. ஒன்றில் பனிக்குட நீர், ஒன்றில் வெறும் உப்பு நீர். டாக்டர் தியேட்டர் கவுனோடு வந்து லேபில் நின்றார். இருவரும் பதினைந்து நிமிஷம் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு நீரின் நுரை குலுக்கிய கையோடு அடங்கியது. பிள்ளையின் குழாயில் குமிழிகள் கொஞ்ச நேரம் நிற்கப் பார்த்தன. பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று உடைய ஆரம்பித்து, பத்தாவது நிமிஷத்தில் திரவத்தின் விளிம்பு மொட்டையாகிவிட்டது. பிள்ளைக்கு லெசித்தின் இன்னும் ஊறவில்லை. இன்றைக்கே எடுத்திருந்தால், மூச்சை வெளியே விட்டதும் நுரையீரலின் காற்றுப் பைகள் நனைந்த துணியைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும், திரும்பத் திறந்திருக்காது.

டாக்டர் கிரேசி கவுனின் முடிச்சை அவிழ்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ஞானதீபத்துக்கு.

"இனிமே இந்த டெஸ்ட்ட நான் வந்து பாத்த பெறகு எழுதுங்க" என்றார். கதவு வரைக்கும் போனவர் நின்று, மருந்தில் ஒரு வாரம் இழுத்துப் பார்க்கலாம், அழுத்தம் ஏறினால் என்ன ஆனாலும் எடுத்துத்தான் தீர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஞானதீபம் அழுதாள். ஒரு பிள்ளை தப்பித்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், தன்னை நம்புகிற ஒரே ஆளை இழந்துவிட்டதற்காக அழுதாள். அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தாங்கியில் இருந்த குழாய்களை எல்லாம் தானே எடுத்து, காய்ச்சி வடித்த வாலை நீர் இருந்த மட்டும் ஊற்றி அலசினாள். பேச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உன்மேல் தப்பில்லை போ என்று சொன்னதை அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினவள், கேட் வரைக்கும் போய்விட்டு என்ன நினைத்தாளோ, திரும்பி வார்டுக்கு நடந்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசி வலிப்பு வந்துவிடக் கூடாதென்று முத்துக்கனியை ஓரத்து அறையில் போட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அவள் அம்மா வடிவம்மாள் சோறு வாங்கப் போயிருந்தாள். முத்துக்கனி இவளை அடையாளம் கண்டுகொண்டாள். குரல் மருந்து மயக்கத்தில் குழறினாலும் கோபம் குழறவில்லை.

"நீங்கதான் நிப்பாட்டுனியளாம். இன்னைக்கு அது மொகத்தப் பாத்துருவேன்னு இருந்தேன். ஏன்க்கா கெடுத்திய?"

மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்த ஞானதீபம் அதைச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் நெஞ்சுக்குள் பொடிப் பொடியாகக் காற்றுப் பைகள் இருப்பதையும், அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய பூச்சு ஊற வேண்டும் என்பதையும் சொன்னாள். அந்தப் பூச்சின் உறவுக்காரர்கள்தான் உடம்பில் ஒவ்வோர் அணுவையும் சுற்றிக் கைகோர்த்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்றாள். தலைக்குத் தண்ணீர் வேண்டும், வாலுக்கு வேண்டாம் என்றாள். படித்த நாள் முதல் ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடந்ததெல்லாம் கிசுகிசுவென்று இருட்டில் வந்துகொண்டே இருந்தது. முத்துக்கனிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மொதப் பிள்ளைக்கும் அது ஊறலையோ?"

"ஊறியிருக்காதும்மா."

முத்துக்கனி ஜன்னலின் கறுப்புத் துணிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் வெயில்ல கோயிலுக்கு நடந்ததாலதான் அது போச்சுன்னு மாமியார் சொல்லுவா. நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு, "இதுக்கு எத்தன நாள்ல ஊறும்?"

"தெரியாதும்மா. ஒரு வாரமும் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

"எனக்குத் தாங்குமா?"

தெரியாது என்று இன்னொரு தரம் சொல்ல ஞானதீபத்துக்கு மனசு வரவில்லை. முத்துக்கனி போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, இவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் வயிற்றின் மேல் கொண்டுபோய் வைத்தாள். தோல் விண்ணென்று இழுத்துக் கிடந்தது, காய்ச்சல்காரியின் சூடு. எதையும் கண்ணாடிக்கு வெளியே இருந்தே தொட்டுப் பழகின கைக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குதிகால், சந்தேகமே இல்லை, குதிகால்தான், உள்ளங்கையின் நடுவில் முட்டி, அப்படியே வழுக்கிக்கொண்டு விரல்களின் பக்கமாகப் போயிற்று. முத்துக்கனி தூங்கிவிட்டிருந்தாள், மணிக்கட்டைப் பிடித்தபடியே. நர்ஸ் வந்து, பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது, வெளி ஆட்கள் எல்லாம் போகலாம் என்று வராந்தாவில் சொல்லிக்கொண்டு போனாள். ஞானதீபம் கையை எடுக்கவில்லை. குதிகால் மறுபடியும் வந்தது.