எய்கன்ரோடு வழியாகப் போகும் பாதை

யாரோ கயிறில்லாமல் விட்ட நாய் ஒன்று மான்குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டது. அதோடு ஹெர்மினா முடிவு செய்துவிட்டாள். எய்கன்ரோடு என்ற தன் பண்ணையின் காட்டுக்குள் இனி ஊரார் யாரும் நடக்கக் கூடாது. மூன்று பழைய பண்ணைகளின் தோப்புகளையும் காடுகளையும் இணைத்துப் போகும் அந்த நடைபாதை அவள் நிலத்தைத் தாண்டாமல் முழுமை அடையாது. இருக்கட்டும். அனுமதி கொடுத்தவர் அவளுடைய கணவர். அவரும் இப்போது இல்லை.

பாதையைக் கவனித்துவந்த டெர்க்கிடம் போனில் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை.

"மூடுறது உங்க இஷ்டம் அம்மா. ஆனா நீங்க ஒரு தடவையாவது அதுல நடந்திருக்கீங்களா?"

நடந்ததில்லை. சொந்தக் காட்டில் அம்புக்குறி பார்த்து நடப்பானேன்? ஆனாலும் அந்தக் கேள்வி அவளை அரித்தது. மறுநாள் காலை பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பண்ணையின் எல்லையிலிருந்து நடக்கத் தொடங்கினாள்.

பீச் மரங்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில், ஏறக்குறைய அவள் வயதுள்ள ஒருத்தி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. இந்தப் பெஞ்சுக்கு வாடகை கிடையாது," என்றாள். பெயர் ஃபெம்மியாம். பிளாஸ்க் மூடியில் பட்டாணி சூப் ஊற்றி நீட்டினாள். "இங்கயே குடிச்சிருங்க. அடுத்தது எய்கன்ரோடு. அந்தம்மா பாத்தா இதுக்கும் திட்டும்."

"ரொம்பத் திட்டுவாங்களோ?"

"நான் பாத்ததில்ல. அவங்க அப்பாவைத்தான் பாத்திருக்கேன். சின்ன வயசுல அடுப்புக்குச் சுள்ளி பொறுக்க அவங்க காட்டுக்குப் போவோம். ஒருநாள் குதிரையில வந்து நாயை ஏவிவிட்டாரு. நான் ஓடினேன். என் அண்ணன் ஓடல, பாவம், சுள்ளியை விட மனசில்ல. கால்ல கடி."

ஹெர்மினா சூப்பைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அந்த நாயின் பெயர்கூட அவளுக்குத் தெரியும். அவள் கட்டிலுக்கடியில்தான் அது படுக்கும்.

"அப்புறம் ஏன் இங்க நடக்க வர்றீங்க?"

"அதுக்காகத்தான் வர்றேன். அன்னைக்கு ஓடின அதே காடு. இப்ப அவங்களே அம்புக்குறி நட்டு வாங்கன்னு கூப்பிடுறாங்க. மெதுவா, சாவகாசமா நடக்குறேன். நாய் செத்துப்போச்சு, அவரும் போயிட்டாரு. நான் இருக்கேன்ல?" ஃபெம்மி கடகடவென்று சிரித்தாள்.

இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். ஓக் மரங்கள் விலகியதும் குளத்துக்கு அப்பால் வீடு தெரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஹெர்மினா அதைப் பார்த்ததே இல்லை. இத்தனை ஜன்னல்களும் காட்டைக் காவல் காப்பதுபோல நிற்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

வாசலில் தோட்டக்காரர் ஹெர்மினாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, "காலை வணக்கம் அம்மா, டெர்க் போன் பண்ணாரு," என்றார்.

ஃபெம்மி நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்ப நான் சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எந்தப் பாதிய?"

"வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன்."

ஹெர்மினாவுக்குச் சிரிப்பு வந்தது. "உங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தாள்.

"நல்லா இருக்கான். கனடாவுல. தழும்பைக் காட்டி ஓநாய் கடிச்சதுன்னு பேரன்களை ஏமாத்திக்கிட்டிருக்கான்."

அன்று மாலை ஹெர்மினா டெர்க்கைப் போனில் கூப்பிட்டாள். மான் குட்டி போடும் மாதங்களில் காட்டுக்குள் யாரும் போக வேண்டாம், நாய்களுக்கு எப்போதும் கயிறு வேண்டும் என்றாள். டெர்க் பெருமூச்சு விட்டார்.

"அப்ப அந்த மாசங்கள்ல பாதை அறுந்துபோயிடுமே அம்மா."

"அறுபடாது. குளக்கரையைச் சுத்தி என் சமையலறை ஓரமா விடுங்க."

"உங்க ஜன்னலுக்குக் கீழயா?"

"ஆமா. கூச்சல் போட்டா திட்டுவேன்னும் சொல்லி வைங்க."

வசந்தம் வந்ததும் ஜனங்கள் அவள் ஜன்னலோரமாக நடந்தார்கள். சிலர் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஃபெம்மி வரும் நாட்களில் சிலசமயம் உள்ளே வந்து காப்பி குடிப்பாள். சிலசமயம் தலையை மட்டும் அசைத்துவிட்டு நிற்காமல் போய்விடுவாள். எந்தப் பாதியை வாபஸ் வாங்கினாள் என்று ஹெர்மினா மறுபடி கேட்கவில்லை.